சிறுகுடியும் காப்பித் தோட்டமும்: செம்மநத்தம் காட்டும் மலைவாழ்வு

தோற்றுவாய்

சேலம் மாவட்டம் ஏற்காடு வட்டத்தில், சேர்வராயன் மலைமேல் அமைந்த சிற்றூர்களுள் ஒன்று செம்மநத்தம். இப்பெயரின் முற்பகுதிக்குப் பலவாறு பொருள் காண இடமுண்டு. பிற்பகுதியாகிய ‘நத்தம்’ மக்கள் குடியிருக்கும் நிலத்தைக் குறிப்பது. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள், ஊர்களின் நிலத்தைக் கணக்கிடுங்கால் ஊர்நத்தம், கோயில், குளம், சுடுகாடு முதலியவற்றை நீக்கியே வரிக்குரிய நிலத்தை வரையறுக்கின்றன. இன்றைய வருவாய்த்துறை வழக்கிலும் ‘கிராம நத்தம்’ என்னும் தொடர் நின்று நிலவுகிறது. குடியிருக்கும் இடம் விளைநிலம் போன்றதன்று. அது ஊருக்குரியது என்னும் கருத்து இச்சொல்லின் அடியில் உறைகிறது. அக்கருத்துக்கு இம்மலையில் கடந்த 200 ஆண்டுகளில் நேர்ந்தது யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருப்பொருளுள் ஊர்

தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் எனக் கருப்பொருள்களைத் தொல்காப்பியம் பெயர் சுட்டும். பிற்காலத்து நாற்கவிராச நம்பி தம் அகப்பொருள் விளக்கத்தில் அவற்றை 14-ஆக விரிக்கிறார். அவற்றுள் ஊரும் ஒன்று. குறிஞ்சி நிலத்து ஊர் ‘சிறுகுடி’ எனப்படும். இப்பட்டியலைக் கவிதைக்குரிய அலங்காரமாக மட்டும் கருதுதல் போதாது. இதனை ஒரு வாழ்வியல் கணக்காகவும் கொள்ளலாம். மரம் மாறினால் தொழில் மாறும். தொழில் மாறினால் உணவு மாறும். இறுதியில் ஊரே மாறும். சேர்வராயன் மலை இதற்குத் தக்க சான்றாகும்.

இம்மலையின் தொல்குடியினர் மலையாளிகள். கேரளத்தோடு இவர்களுக்கு யாதொரு தொடர்பும் இல்லை. மலையில் வாழ்வோர் என்பதே பெயர்ப் பொருள். தாய்மொழி தமிழ். காஞ்சிப் பகுதியிலிருந்து முன்னோர் இடம்பெயர்ந்து வந்தனர் என்பது இவர்தம் மரபுவழிச் செய்தி. சாமையும் கேழ்வரகும் உணவாயின. மூங்கிலும் மண்ணும் புல்லும் வீடாயின. மலையுச்சிக் குகையில் உறையும் சேர்வராயனும் காவேரியம்மனும் தெய்வமாயினர். வீட்டுக்கு வேண்டிய யாவும் மலையிலேயே கிடைத்தன. விலை கொடுத்து வாங்கத்தக்கது அரிது.

புதிய மரம்

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சேலம் பகுதி ஆங்கிலக் கும்பினியார் கைக்கு வந்தது. 1820-களில் சேலம் ஆட்சியராக விளங்கிய எம்.டி. காக்பர்ன் காப்பிச் செடியை இம்மலையில் அறிமுகம் செய்தார். ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் தொடர்ந்து வந்தனர். சாமை விளைந்த சரிவுகளும் காடுகளும் தோட்டங்களாயின. தோட்டங்கள் ஊர்களையே நெருக்கத் தொடங்கிய நிலையில், 1860-களில் மலையாளி ஊர்களைச் சுற்றி எல்லை வகுத்து, அதனுள் தோட்டக்காரர் நிலம் கொள்ளாதவாறு அரசே தடுக்க நேர்ந்தது. இஃது அருளுடைய செயலாகத் தோன்றலாம். ஆயின் ஊர் தோறும் எல்லை கட்ட வேண்டிய நிலை வந்தமையே, மலை முழுதும் ஊராக இருந்த காலம் முடிந்ததற்குச் சான்றாம்.

நாட்காட்டியும் மாறிற்று. பங்குனி, சித்திரையில் பெய்யும் பூ மழைக்குப் பின் காப்பி மலரும். கார்த்திகை தொட்டுத் தை வரை பழம் பறிப்பு. உழுது விதைத்தவர் தம் பருவத்தைத் தாமே வகுத்தனர். கூலிக்குப் பறிப்பவரின் பருவத்தைத் தோட்டம் வகுத்தது. சமவெளித் தமிழர் இல்லங்களில் 20-ஆம் நூற்றாண்டில் காப்பி விருந்தோம்பலின் அடையாளமாயிற்று. அந்த விருந்தின் பின்னே மலைமக்களின் உணவு மாற்றம் உள்ளது என்பதை நாம் எண்ணுவதில்லை.

இருவகை வீடுகள்

தோட்டத்தொழில் இம்மலையில் இருவகைக் குடியிருப்பை உண்டாக்கியது. ஒன்று, செம்மநத்தம் போன்ற ஊர். மற்றொன்று, தோட்டத்துக்குள் தொழிலாளர்க்கென எழுந்த வரிசை வீடு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம் முதலியவற்றை வழங்குதல் முதலாளியின் கடமை என விதித்தது. அது பெரும் பேறே. எனினும் அவ்வீடு வேலையோடு பிணைந்தது. வேலை உள்ளவரை கூரை உண்டு. வேலை நீங்கின் கூரையும் நீங்கும். நத்தத்து வீடோ, மண்சுவரே ஆயினும், மூதாதையரின் தொடர்ச்சி. ஒருவன் தன் ஊர் எதுவெனக் கேட்டால் ஊர்ப்பெயர் சொல்வதும் தோட்டப்பெயர் சொல்வதும் ஒன்றல்ல.

விலையின் ஆட்சி

1942-ஆம் ஆண்டின் காப்பிச் சட்டம், விளைச்சலைக் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்கும் முறையை நிலைநிறுத்தியது. 1989-இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் பங்கீட்டு முறை குலைந்தது; 1990-களில் வாரியத் தொகுப்பும் படிப்படியாகத் தளர்ந்து, 1996-இல் விற்பனை முற்றும் தடையற்றதாயிற்று. 2001-ஐ ஒட்டி உலக விலை பெரிதும் வீழ்ந்தது. 2025 பிப்ரவரியில் நியூயார்க்குச் சந்தையில் அரபிகா ஒரு பவுண்டு 4 டாலரைக் கடந்தது. ஓர் ஏழைக் குடும்பத்தின் திருமணமும் பிள்ளைகளின் படிப்பும், அக்குடும்பம் காணாத ஒரு நகரின் சந்தையைச் சார்ந்து நிற்கும் நிலை இது.

காப்பி விலை வீழுங்கால் நிலத்தின் விலை பேசத் தொடங்குகிறது. தங்கும் விடுதிகளும் கோடைகால மனைகளும் மலையில் பெருகியுள்ளன. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகள் கட்டடங்களுக்கு வரம்பு கட்டினும், நிலத்தின் மீதுள்ள வேட்கைக்கு வரம்பு கட்டுதல் அரிது. ஆண்டில் சில நாள் தங்குவோர்க்கு வீடு பல. ஆண்டு முழுதும் வாழ்வோர்க்கு மனை அரிது. மே மாதத்தில் மலையுச்சியில் சேர்வராயன் திருவிழா நிகழ்கிறது. அதே மாதத்தில் ஏற்காட்டில் கோடை விழாவும் நிகழ்கிறது. முன்னதில் மலைமக்கள் வழிபடுவோர். பின்னதில் அவர்கள் பெரிதும் பணி செய்வோர்.

நிறைவாக

பழமை யாவும் பொன் எனல் இக்கட்டுரையின் கருத்தன்று. தோட்டம் கூலியையும் சாலையையும் பள்ளியையும் தந்தது. பசிக்காலத்துக்கு ஒரு பிடிமானமும் தந்தது. ஆயின் சாமையை விட்ட வீட்டில் உரலும் உலக்கையும் ஓய்கின்றன. அவை ஓய்ந்தால் குற்றுவார் பாட்டும் ஓய்கிறது. பொருளியல் மாற்றம் முதலில் தட்டில் தெரியும். பின்னர் கூரையில் தெரியும். கடைசியாகச் சொல்லில் தெரியும். சொல்லில் தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

குறிஞ்சியைப் பாடும் கவிஞர்கள் தேனையும் தினையையும் ஏட்டிலிருந்து எடுத்தால் மட்டும் போதாது. செம்மநத்தம் போன்ற ஊர்களின் முதியோரிடம் விதையின் பெயர், கருவியின் பெயர், காற்றின் பெயர் ஆகியவற்றைக் கேட்டெழுதுதல் இலக்கிய வட்டங்களின் கடமையாகும். நத்தம் என்னும் சொல் ஆயிரம் ஆண்டுகளாகக் கல்லில் நிற்கிறது. அச்சொல்லுக்குரிய மக்கள் மண்ணில் நிற்பதே அதனினும் வேண்டற்பாலது.