பிரபு அல்லாத பிரபுக்கள்

பட்டப்பெயர் சூட்டுவதில் பிரிட்டிஷ்காரர்களுக்கு நிகர் அவர்களேதான். கடற்படையின் தலைமைத் தளபதிக்கு 'முதல் கடற்பிரபு' என்று பெயர். அவர் பிரபு வம்சத்தவராக இருக்க வேண்டியதில்லை, 2025 வரை அசல் மாலுமிதான் அப்பதவியில் இருந்தார். 1964 வரை அவருக்கு மேலே வெறும் 'முதல் பிரபு' ஒருவரும் உண்டு. அவரோ பெரும்பாலும் துடுப்புப் பிடித்தறியாத அரசியல்வாதி!

1966-இல் முதல் கடற்பிரபு அட்மிரல் ஸர் டேவிட் லூஸ். 50,000 டன்னுக்கு மேற்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று வேண்டுமென்று கடற்படை பல வருஷங்களாகத் திட்டம் தீட்டியிருந்தது. ராணுவ மந்திரி டெனிஸ் ஹீலி செலவைக் கணக்குப் பார்த்தார். தரையிலிருந்து கிளம்பும் அமெரிக்க எஃப்-111 விமானங்களே போதும் என்று கப்பலை ரத்துச் செய்துவிட்டார். லூஸ் ராஜினாமாச் செய்தார். கடற்படை மந்திரி கிறிஸ்டோபர் மேஹ்யூவும் விலகினார். சூயஸுக்குக் கிழக்கே காவல் புரிவதானால் கப்பல் வேண்டும், கப்பல் இல்லையேல் காவலை விட்டுவிட வேண்டும் என்பது மேஹ்யூவின் கட்சி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

வேடிக்கையைக் கேளுங்கள்: 1968-இல் அந்த எஃப்-111 விமானங்களும் ரத்தாயின! கிழக்கேயுள்ள படைகளையும் திருப்பி அழைக்கப் போவதாக அதே மாதம் அறிவித்தார்கள்.

2017-இல் 65,000 டன் எடையுள்ள 'குவீன் எலிசபெத்' கடற்படையில் சேர்ந்தது. அதன் தளத்தில் முதல் எஃப்-35 போர்விமானம் வந்து இறங்கியது மறு வருஷந்தான்.