முதலில் சாகிறவர்கள்

தொலைபேசி மணி அடிக்கிறது. வீட்டில் தனியே இருக்கும் ஓர் இளம் பெண் எடுக்கிறாள். மறுமுனையில் இருப்பவன் முதலில் குழைந்து பேசுகிறான், பிறகு மிரட்டுகிறான், பிறகு கேள்வி கேட்கிறான். 'ஃப்ரைடே த தேர்ட்டீந்த்' படத்தில் கொலைகாரன் யார்? அவள் 'ஜேசன்' என்கிறாள். அந்தப் படத்தை இருபது தடவை பார்த்தவள் நான் என்று வாதாடவும் செய்கிறாள். விடை பிழை. 1980இல் வந்த முதற் படத்தில் கொலை செய்தது ஜேசனின் தாய். ஜேசன் கத்தியெடுப்பது இரண்டாம் படத்தில்தான். அந்தப் பிழைக்காக, வெளியே கதிரையில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் அவளுடைய நண்பன் சாகிறான். சற்று நேரத்தில் அவளும் சாகிறாள். 1996 டிசம்பரில் வெளிவந்த 'ஸ்க்ரீம்' இப்படித்தான் தொடங்குகிறது.

நான் இதை முதன்முதலில் பார்த்தது இரண்டாயிரத்தின் தொடக்கத்தில், நண்பனொருவனின் வீட்டில், நின்று நின்று ஓடிய ஒரு வீசீடீயில். அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐவரில் ஒருவனுக்கும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாது. நாங்களும் செத்திருப்போம் என்று ஒருவன் சொன்னான், சிரித்தோம். ஆனால் படம் எதைப் பகிடி பண்ணுகிறது என்பது அன்று எனக்குப் பிடிபடவேயில்லை. பகிடி பண்ணப்பட்ட படங்களை நான் பார்த்திருக்கவில்லை. மூல நூலைக் கண்ணாலும் காணாமல் அதற்கான கண்டன நூலை மாத்திரம் படித்தவனின் நிலை என்னுடையது. பின்னாளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஆகவே இந்த வகைமையின் வரலாறு எனக்குப் பின்னிருந்து முன்னாகவே அறிமுகமானது. இங்கே அதைச் சற்று நேர்ப்படுத்திச் சொல்ல முயல்கிறேன்.

முகமூடி போட்ட ஒருவன் இளவட்டங்களை ஒவ்வொருவராகக் கத்தியால் குத்திக் கொல்லும் படங்களை அமெரிக்கர் ஸ்லாஷர் என்பர். இதன் மூத்த தகப்பன் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960). கதாநாயகி என்று நாம் நம்பியிருக்கும் ஜேனட் லீயை அவர் படம் பாதியைத் தாண்டுமுன்பே குளியலறையில் கொன்றுவிடுகிறார். 1974இல் கனடாவில் எடுக்கப்பட்ட 'ப்ளெக் கிறிஸ்மஸ்' தொலைபேசி மிரட்டலைக் கொண்டுவந்தது. ஆயினும் வாய்பாட்டை முழுமையாக்கியது ஜோன் கார்பென்டரின் 'ஹலோவீன்' (1978) எனலாம். ஏறத்தாழ 3 இலட்சம் டொலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் மாத்திரம் நாலரைக் கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. அதில் கொலைகாரன் அணியும் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கப்டன் கர்க்குடைய முகமூடி. மலிவாகக் கடையில் வாங்கி வெள்ளை பூசினார்கள். அதில் தப்பிப் பிழைக்கும் பெண்ணாக நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ், குளியலறையில் செத்த ஜேனட் லீயின் மகள். தாய் செத்த இடத்திலே மகள் தப்புகிறாள் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

இவ்வளவு மலிவாக இவ்வளவு காசு வருமென்றால் ஹொலிவூட் சும்மா இருக்குமா? எண்பதுகளில் வருடத்துக்குப் பல வீதம் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே காடு, ஒரே முகாம், ஒரே கத்தி. குடித்தவன் சாவான். கஞ்சா அடித்தவன் சாவான். காதலனோடு ஒதுங்கியவள் உடனே சாவாள். ஒழுக்கமாக இருந்த ஒருத்தி மட்டும் கடைசியில் மிஞ்சுவாள். அவளுக்குக் 'கடைசிப் பெண்' என்று பெயர் சூட்டியவர் கெரொல் க்ளோவர். 1987இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதைச் செய்தார். சங்கதி என்னவென்றால், அவர் பழைய ஸ்கண்டிநேவியக் காவியங்களை ஆராயும் பேராசிரியை. தரங்கெட்டதென்று மற்றவர்கள் ஒதுக்கிய சினிமாவில் ஒரு வாய்மொழி மரபின் திரும்பத் திரும்பச் சொல்லும் முறைமையைக் கண்டவர் ஒரு காவிய ஆய்வாளராக இருந்தது எனக்கு வியப்பில்லை. ஒரே கதையை நூறு தடவை கேட்பவனுக்குத்தானே அதன் எலும்பு தெரியும்?

எலும்பு தெரிந்தால் பகிடியும் பிறந்துவிடும். 1981இலேயே, வூடி அலனோடு சேர்ந்து எழுதிய மிக்கி ரோஸ் 'ஸ்டூடன்ட் பொடீஸ்' என்ற படத்தை எடுத்தார். இதுவரை விழுந்த பிணங்கள் எத்தனை என்று திரையிலேயே எழுத்து ஓடும். அடுத்த ஆண்டில் வந்த 'த ஸ்லம்பர் பார்ட்டி மெஸக்கர்' கதை இன்னும் விநோதமானது. பெண்ணிய எழுத்தாளரான ரீட்டா மே ப்ரவுன் ஆண்களின் கத்தி மோகத்தைக் கிண்டல் செய்து எழுதிய திரைக்கதை அது. தயாரிப்பு அதைப் பெரும்பாலும் நிசக் கொலைப்படமாகவே எடுத்துமுடித்தது. கிண்டலின் எச்சங்கள் ஆங்காங்கே துருத்திக்கொண்டு நிற்கும். 1986இல் 'ஃப்ரைடே த தேர்ட்டீந்த்' தொடரின் ஆறாம் படத்தில் நெறியாளர் டொம் மெக்லொக்லின், ஜேசனை ஜேம்ஸ் பொண்ட் பாணியில் திரைக்குக் குறுக்கே நடக்கவிட்டார். சிரிப்பு அப்போதே உள்ளே நுழைந்துவிட்டது; காசு மட்டும் அதைத் தேடி வரவில்லை.

காசைக் கொண்டுவந்தவர் வெஸ் க்ரேவன். இவரைப் பற்றி நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டிய ஒன்றுண்டு. 1939இல் க்ளீவ்லாந்தில், கடுமையான பெப்டிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். அந்த வீட்டில் சினிமா பாவம். கல்லூரிப் பருவத்துக்குப் பிறகுதான் அவருக்குச் சினிமா உண்மையில் அறிமுகமானது. பிறகு கல்லூரியொன்றில் விரிவுரையாளராக இருந்துவிட்டுத்தான் படம் எடுக்கப் போனார். சினிமா பார்த்ததற்காக வாப்பாவின் பெல்ட்டை அறிந்த எவரும் இந்த மனிதரைத் தூரத்து உறவாக உணர்வார்கள். குடிக்காதே, ஒதுங்காதே, புகைக்காதே என்ற கொலைப்படத்தின் சட்டம் ஒரு குத்பாவைப் போலவே ஒலிப்பதை அவர் நம்மைவிட நன்றாகக் கேட்டிருப்பார்.

1994இல் க்ரேவன் 'நியூ நைட்மேர்' எடுத்தார். தன் பழைய பேய்ப் படத்தில் நடித்த நடிகையும் நடிகரும் தம் சொந்தப் பெயரிலேயே வருவார்கள், க்ரேவனும் வருவார். ஓடவில்லை. இரண்டு வருடத்தில், கெவின் வில்லியம்சன் என்ற இளைஞர் எழுதிய திரைக்கதையை எடுத்தார். 'ஸ்கெயாரி மூவி' என்பதே அதன் முதற்பெயர்; பின்னர் 'ஸ்க்ரீம்' ஆனது. சுமார் ஒன்றரைக் கோடி டொலர்ச் செலவு, உலகெங்கும் 17 கோடிக்கு மேல் வரவு. நம் சிறுபத்திரிகைகளில் பிரதிக்குள் பிரதி, கட்டுடைப்பு என்று பக்கம் பக்கமாக நாம் சண்டை பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவின் பதினெட்டு வயதுப் பெடியன்கள் அதே சங்கதியைச் சோளப்பொரி தின்றபடி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

'ஸ்க்ரீம்' படத்தில் ஒரு காட்சியை மட்டும் விரித்துச் சொல்கிறேன். வீடியோக் கடையில் வேலை செய்யும் ரண்டி என்ற பையன் 'ஹலோவீன்' பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் பார், பின்னால் பார் என்று திரையில் இருக்கும் ஜேமி லீயிடம் கத்துகிறான். அவனுக்குப் பின்னாலேயே கத்தியோடு ஒருவன் நிற்கிறான். இந்த அறையில் ஒளித்துவைத்த கமெராவின் படம் வெளியே நிற்கும் வேன் ஒன்றிலுள்ள திரையில் ஓடுகிறது. அங்கிருந்து பார்க்கும் கமெராக்காரனும் கதாநாயகியும், பின்னால் பார் என்று ரண்டிக்குக் கத்துகிறார்கள். ஆனால் அந்தப் படம் முப்பது விநாடி பிந்தி வருவது. இது நினைவுக்கு வரும் கணத்தில் கமெராக்காரனின் கழுத்து அறுபடுகிறது. கொலைகாரன் எப்போதோ வேனுக்கு வந்துவிட்டான். பார்ப்பவனைப் பார்ப்பவனைப் பார்க்கும் நாம், நம் முதுகுப் பக்கம் ஒரு தடவை திரும்புகிறோம். நான் திரும்பினேன்.

அந்த ரண்டிதான் தப்பிப் பிழைப்பதற்கான விதிகளையும் ஓதுகிறான். உறவு கூடாது, குடியும் போதையும் கூடாது, இதோ வருகிறேன் என்று ஒருபோதும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. கதாநாயகி சிட்னி முதல் விதியை மீறுகிறாள்; மீறியும் பிழைக்கிறாள். குத்பா அங்கே உடைந்தது.

ஆனால் ரண்டியின் பட்டியலில் ஒரு விதி இல்லை. கறுப்பினத்தவன் முதலில் சாவான் என்ற விதி. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது சரியான கணக்கல்ல. பல படங்களில் அவன் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ சாவான், கடைசி வரை வருவது மட்டும் அரிது. அதற்கும் முன்னால் சொல்லவேண்டியது, 'ஹலோவீன்' காட்டிய அந்த அமைதியான புறநகரில் சாவதற்குக்கூட அவன் இல்லை என்பதே. 'ஸ்க்ரீம்' படத்தின் முக்கிய பாத்திரங்களிலும் ஒரு கறுப்பு முகம் கிடையாது. விதிகளையெல்லாம் தெரிந்த ரண்டிக்கு இது ஏன் கண்ணில் படவில்லை என்று நான் நெடுநாள் யோசித்ததுண்டு. அவன் அந்த விதியால் சாகப்போகிறவன் அல்லன். வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடமே, 1997 டிசம்பரில், 'ஸ்க்ரீம் 2' இதற்குப் பதில் சொல்ல வந்தது. முதற் படத்தின் கொலைகளை வைத்து எடுத்த ஒரு படத்தைப் பார்க்க, ஒரு கறுப்புக் காதல் சோடி திரையரங்குக்கு வருகிறது: ஜேடா பிங்கெட், ஓமர் எப்ஸ். இந்தப் பேய்ப் படங்களில் எங்கள் ஆட்களுக்கு இடமே கிடையாது என்று அவள் உரத்துச் சொல்கிறாள். சிரிக்கிறோம். சில நிமிடங்களில் அவன் கழிவறையில் சாகிறான். அவள் நிறைந்த அரங்கின் நடுவே குத்தப்படுகிறாள். விளம்பரத்துக்காக எல்லோருக்கும் இலவசமாகப் பேய் முகமூடி கொடுத்திருக்கிறார்கள். குத்தியவனும் அதையே போட்டிருக்கிறான். இதுவும் விளம்பர வேலையென்று சனம் கைதட்டுகிறது. அவள் தள்ளாடித் திரைக்கு முன்னால் ஏறி, வெளிச்சத்தில் நின்று அலறி விழும்போதுதான் மண்டபம் அடங்குகிறது.

நான் பார்த்த பயங்கரப் படங்களில் இதைவிடப் பயங்கரமான காட்சி அதிகமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. முறைப்பாட்டை அவள் வாயில் வைத்த அதே கை, முறைப்பாடு சொன்ன வாயை முதலில் அடைக்கிறது. விதி தெரியும் என்று கண் சிமிட்டிவிட்டு அதே விதிப்படி நடந்துகொள்வது ஒரு வசதி. இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால் நீதியாகாது. அதே படத்தில் ஜோயல் என்ற கறுப்புக் கமெராக்காரன் வருகிறான். செத்துப்போன கமெராக்காரனின் இடத்துக்கு வந்தவன். இந்த மாதிரி இடத்தில் எங்கள் ஆட்கள் பிழைப்பதில்லை என்று சொல்லி நடுவிலே கிளம்பிப் போய்விடுகிறான். எல்லாம் முடிந்தபின் உயிரோடு திரும்பி வருகிறான். கதையை விட்டு வெளியேறியதால் பிழைத்தான்.

2000 ஜூலையில் கீனன் ஐவரி வேயன்ஸ், தன் தம்பிமாரோடு சேர்ந்து 'ஸ்கெயாரி மூவி'யைக் கொண்டுவந்தார். பழைய திரைக்கதை கைவிட்ட பெயரையே எடுத்துக்கொண்டார்கள். உலக வசூல் 25 கோடி டொலருக்கு மேல். பாதிப் பகிடியைக் குடும்பத்தோடு இருந்து பார்க்க முடியாது. மீதியிலும் பாதி வெறும் அசிங்கம். ஆனால் அந்த அரங்கக் கொலையை அவர்கள் திருப்பிப் போட்ட விதம் இருக்கிறதே! ரெஜினா ஹோல் நடித்த பெண் படம் பார்க்க வந்து ஓயாமல் சத்தம்போட்டுப் பேசுகிறாள். கடைசியில் பொறுமையிழந்த பார்வையாளர்களே வரிசையாக எழுந்து வந்து அவளைக் குத்திவிடுகிறார்கள். முகமூடிக்காரனுக்கு வேலையே இல்லை. 'ஸ்க்ரீம் 2' மறைத்த ஒன்றை இந்தத் தரங்கெட்ட பகிடி வெளியே எடுத்துப் போட்டது என்பேன்.

இதன் பிறகு வந்தவற்றை விரைவாகக் கடக்கலாம். 'டக்கர் அண்ட் டேல் வெர்ஸஸ் ஈவில்' (2010) காட்டுக்குள் வாழும் முரட்டு ஏழைகளே கொலைகாரர் என்ற மரபைத் தலைகீழாக்கி, நல்ல மனிதர் இருவரைக் கண்டு படித்த பிள்ளைகள் தாமே பயந்து ஓடித் தாமே சாவதாகக் காட்டியது. மிக நல்ல படம். 2012இல் வெளிவந்த 'த கெபின் இன் த வூட்ஸ்' இந்த விதிகளையெல்லாம் ஓர் அலுவலகம் நிலத்துக்கடியில் இருந்து இயக்குவதாகக் காட்டியது; கெட்டித்தனம் அதிகம். 2015இல் க்ரேவன் காலமானார்.

நான் வரவிரும்பியது 'த ப்ளெக்கனிங்' என்ற படத்துக்கு. 2018இல் ஒரு நகைச்சுவைக் குழு செய்த சிறு படத்திலிருந்து வளர்ந்து, 2022இல் டொரொன்டோ விழாவில் காட்டப்பட்டு, 2023இல் அரங்குக்கு வந்தது. நெறியாளர் டிம் ஸ்டோரி. காட்டு வீடொன்றில் கூடும் நண்பர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர். அப்படியானால் முதலில் சாவது யார்? இந்த ஒரு கேள்வியில்தான் முழுப் படமும் நிற்கிறது. அங்கே ஒரு விளையாட்டுப் பலகை. குரல் ஒன்று கேள்வி கேட்கிறது: பேய்ப் படமொன்றில் பிழைத்த கறுப்புப் பாத்திரம் ஒன்றைச் சொல். பதில் பிழைக்கிறது, கேட்கப்பட்டவன் சாகிறான். 1996இல் கேட்கப்பட்டது கொன்றவர் யார் என்று. இங்கே கேட்கப்படுவது பிழைத்தவர் யார் என்று. நூறு மசலா படித்து வளர்ந்த நமக்குக் கேள்வியிலேதான் கதை இருக்கிறதென்பது புதிதல்ல.

பிறகு அந்தக் குரல் இன்னொன்று கேட்கிறது. உங்களில் அதிகம் கறுப்பன் யாரோ அவனை ஒப்படையுங்கள், மற்றவர்களை விடுகிறேன். உடனே ஒவ்வொருவரும் தான் எவ்வளவு குறைவான கறுப்பன் என்று நிரூபிக்கப் பாடுபடுகிறார்கள். ஒருவன் ட்ரம்புக்கு வாக்களித்தேன் என்கிறான். படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும், கொலைகளின் பின்னணியில் இருப்பவன் அவர்களிலேயே ஒருவன். நீ அசல் கறுப்பனல்ல என்று முன்னொரு நாளில் இவர்களால் எள்ளி விலக்கப்பட்டவன். யார் அசல், யார் கலப்படம் என்று தராசு தூக்கும் சனங்களுக்கிடையே வாழ்பவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்புத் தொண்டையில் நின்றுவிடும். எனக்கு நின்றது.

கடைசியில் எஞ்சியவர்கள் உதவிக்கு யாரைக் கூப்பிடுவது என்று ஆலோசிக்கிறார்கள். பொலிஸைக் கூப்பிட்டால் தாங்களே சுடப்படலாம். ஆகவே தீயணைப்புப் படையை அழைக்கிறார்கள். வந்தவர்கள் குழாயைத் திருப்பித் தண்ணீரை அவர்கள் மேலேயே பீய்ச்சுகிறார்கள். அரங்கில் அதற்குச் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு 1963 மே மாதம் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரில், உரிமை கேட்டு ஊர்வலம் போன பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேல் பீய்ச்சப்பட்ட தீயணைப்புக் குழாய்கள் நினைவுக்கு வந்திருக்கும்?