வேலு நாச்சியாரின் வாழ்வில் இரு முஸ்லிம் ஆட்சியாளர்கள்

 

செங்கல்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரை வரையுள்ள நம் ஊர்களை 1763-ஆம் ஆண்டு ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். தம் ஆட்சியைக் காக்கக் கம்பெனியின் படையையே அவர் நம்பியிருந்தார். அந்தக் கூட்டணியின் கொடுமை தெற்கே ஓர் அரசியின் மீதும் விழுந்தது. அவர்தாம் சிவகங்கை வேலு நாச்சியார்.

1730-இல் இராமநாதபுரம் சேதுபதி குடும்பத்தில் பிறந்த அவர், வாட்பயிற்சியும் குதிரையேற்றமும் பெற்று, உருதுவும் கற்றார். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரை மணந்தார். 1772 ஜூன் மாதம் நவாபின் படையும் கம்பெனிப் படையும் சேர்ந்து சிவகங்கையின் மீது படையெடுத்தன. காளையார்கோவிலில் மன்னர் கொல்லப்பட்டார். கணவரையும் நாட்டையும் ஒருங்கே இழந்த அரசி, மகள் வெள்ளச்சியுடன் தப்பிச் சென்று, திண்டுக்கல் அருகிலுள்ள விருப்பாட்சியில் கோபால நாயக்கரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அமைச்சர் தாண்டவராய பிள்ளை மைசூரின் ஹைதர் அலிக்கு உதவி கோரிக் கடிதம் எழுதினார். பின்னர் அரசியே ஹைதரைச் சந்தித்து உருதுவில் உரையாடினார் என்பர். ஹைதர் அவருக்குப் பாதுகாப்பும் படையுதவியும் அளித்தார். எட்டாண்டுகள் காத்திருந்த வேலு நாச்சியார், மருது சகோதரர்களின் துணையுடன் 1780-இல் சிவகங்கையை மீட்டார். 1796-இல் மறைந்தார்.

அரசியை ஆதரித்த அதே ஹைதர், அதே 1780-இல் நம் பகுதிக்கும் வந்தார். செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை படுதோல்வி அடைந்தது. தளபதி மன்றோ பீரங்கிகளைக் கைவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். ஆயினும், ஹைதரின் குதிரைப்படை ஜாகீர் கிராமங்களைச் சூறையாடித் தீக்கிரையாக்கியது, பஞ்சமும் தொடர்ந்தது. போரில் எப்பங்கும் இல்லாத உழவர்களே அந்த வெற்றியின் விலையைக் கொடுத்தனர்.

அரசியின் நாட்டைப் பறித்தவரும் முஸ்லிம். அவருக்குக் கைகொடுத்தவரும் முஸ்லிம். கைகொடுத்தவரின் படையே நம் மண்ணில் அநீதி இழைத்தது. ஆட்சி ஓர் அமானிதம். அதை ஏந்தியவரைப் பெயரால் அன்றிச் செயலால் எடைபோடுவதே மார்க்கம் கற்பிக்கும் நீதி. முஸ்லிம் மன்னர் என்பதால் ஒருவரின் குற்றத்தை மறைப்பதும், ஒருவரின் குற்றத்திற்காகச் சமுதாயம் முழுவதையும் பழிப்பதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. நம் பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சொல்லும்போது இரண்டையும் மறைக்காமல் சொல்வோம்.

வல்ல அல்லாஹ் நம்மை நீதியின் சாட்சிகளாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.