சிதலையும் விழுதும்: ஆலமரப் பேணல் வரலாறு குறித்து ஒரு நோக்கு

நாலடியாரின் தாளாண்மை அதிகாரத்திலுள்ள 197ஆம் வெண்பா, சிதலை அரித்த ஆலமரத்தை அதன் விழுதே ஊன்றி நின்று தாங்குவதைத் தளர்ந்த தந்தையை மகன் தாங்குவதற்கு உவமையாக்குகிறது. அங்கு ஆளப்படும் ‘மதலை’ என்னும் சொல் தூணுக்கும் குழந்தைக்கும் பெயராக வழங்குவது. பாடம் சொல்லும்போது மகனின் கடமையை விரித்துரைத்து உவமையை விரைந்து கடந்துவிடுகிறோம். அவ்வுவமை மரம் பேணுவோரின் பட்டறிவோடு பொருந்துவதைப் பேராலமரங்கள் சிலவற்றின் வரலாறு காட்டுகிறது.

1787இல் நிறுவப்பட்ட ஹவுரா தாவரவியல் தோட்டத்தின் பேராலமரம் 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் பெருங்கிளைகளை இழந்தது. புயல் முறித்த கிளையின் காயம் வாளால் அறுத்த காயம் போன்றதன்று. நார் கிழிந்து, நீர் தேங்கி, பூஞ்சை புகும் வாயிலாகிறது. இதனாலேயே பெருங்கிளையை அகற்றுவோர் முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பின்னர்ச் சற்றுத் தள்ளி மேற்புறம் அறுத்துப் பாரத்தை இறக்கி, எஞ்சிய கட்டையைக் கிளையின் கழுத்தருகே மூன்றாவதாக அறுக்கின்றனர். பாதி அறுபட்ட கிளை பட்டையோடு கிழிந்து மரமேறியின் பக்கம் சாய்வதையும் இம்முறை தடுக்கும். ஹவுராவில் பூஞ்சை அடிமரத்தையே பற்றியமையால் 1925இல் அது அகற்றப்பட்டது. மரம் சாகவில்லை. 2020ஆம் ஆண்டின் ஆம்பன் புயலில் சேதமுற்ற பின்னும் 3,000க்கு மேற்பட்ட விழுதுகளின்மேல் அது நிற்கிறது. சென்னை அடையாற்றின் ஆலமரமும் 1989இல் தாய்மரத்தை இழந்து விழுதுகளால் வாழ்வது தமிழ் வாசகர் அறிந்ததே.

கிடையாக நீளும் ஆலின் கிளை, உள்ளே உளுத்திருப்பதை வெளியே காட்டுவதில்லை. அதில் ஏறுவது இடர் மிக்கது. எனவே ஆல் ஏறிப் பேணப்படுவதைவிட ஊன்றிப் பேணப்படுவதே மிகுதி. தொங்கும் இளவிழுதை மூங்கிற்குழலுள் செலுத்தித் தரைவரை காத்தல் அம்முறையின் சாரம்.

நாலடியார் கூறும் சிதலையை அவ்வாறே காணத் தெலங்கானாவின் மகபூப்நகருக்குச் செல்லவேண்டும். அங்குள்ள பழைய ஆலமரத்தின் பெயர் பில்லலமர்ரி. தெலுங்கில் ‘பில்லலு’ பிள்ளைகள், ‘மர்ரி’ ஆல். மதலை என்ற சொல்லாட்சியை அறிந்தோர்க்கு இப்பெயர் வியப்பளிக்கும். கறையான் அரித்த கிளையொன்று வீழ்ந்தபின், 2017 டிசம்பரில் பார்வையாளர் வருகை நிறுத்தப்பட்டது. 2018இல், நோயாளிக்கு உப்புநீர் ஏற்றுவதுபோல், நீர்த்த பூச்சிக்கொல்லி சொட்டுச்சொட்டாக மரத்துள் செலுத்தப்பட்டது. விழுதுகள் குழாய்வழித் தரைக்கு இறக்கப்பட்டன. பாரமான கிளைகளின் கீழே கான்கிரீட் தூண்கள் எழுப்பப்பட்டன.