சூதக வலியும் விஞ்ஞானமும்

"ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, கறிவேப்பிலைச் செடிப் பக்கம் போகாதே, பூவைத் தொட்டால் வாடிவிடும்." இவற்றைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம் வீடுகளில் குறைவு. மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் உடலிலிருந்து ஏதோ ஒரு நஞ்சு வெளிப்படுகிறது என்னும் எண்ணமே இந்தத் தடைகளின் அடியில் இருக்கிறது. இதைப் படிப்பறிவில்லாத பாட்டிமாரின் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. ஐரோப்பாவின் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் இதே நஞ்சைத் தேடப் புறப்பட்டார். அவர் தொடங்கிவைத்த தேடல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

அவர் வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவர் பேலா ஷிக். தொண்டை அடைப்பான் நோய்க்கு உடலில் எதிர்ப்பு உண்டா என்று காட்டும் 'ஷிக் சோதனை'யை 1913-இல் வகுத்துத் தந்தவர். ஒரு நாள் தமக்கு வந்த ரோஜாப் பூக்களைத் தண்ணீரில் வைக்கும்படி பணிப்பெண்ணிடம் கொடுத்தார். மறுநாள் காலையில் அவை வாடிக் கிடந்தன. விலக்கான நாட்களில் தான் தொட்ட பூக்கள் எப்போதும் இப்படித்தான் ஆகும் என்றாள் அவள். ஷிக் அதை நம்பினார். விலக்கான பெண்களிடமும் மற்றப் பெண்களிடமும் பூக்களைக் கொடுத்துச் சோதித்தார். 1920-இல் 'மாதவிடாய் நஞ்சு' பற்றி மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். 1924-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் மாக்ட் என்பவர், விலக்கான பெண்களின் இரத்தம் செடிகளின் வளர்ச்சியைக் குன்றச் செய்வதாக அறிவித்தார். 1934-இல் வேறு சிலர் அதை மீண்டும் சோதித்தபோது அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

ஆயினும் நஞ்சின் கதை முடியவில்லை. பாஸ்டன் நகரில் ஸ்மித் தம்பதியர் மாதவிடாய்க் கழிவை ஊசி மூலம் எலிகளுக்குச் செலுத்தியபோது எலிகள் மாண்டன. 1953-இல் ஜெருசலேமிலிருந்த பெர்னார்ட் சோண்டெக் இதற்கு விடை கண்டார். கழிவில் கலந்திருந்த பாக்டீரியாக்களே எலிகளைக் கொன்றவை. பாக்டீரியாக்களைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் எலிகள் பிழைத்தன. பூவை வாட்டும் நஞ்சு என்று ஒன்று இல்லை.

இத்தனை பேரும், அந்தக் கழிவு பூவை என்ன செய்யும், எலியை என்ன செய்யும் என்று பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு அடிவயிற்றில் ஏன் வலிக்கிறது என்னும் கேள்வி வேறொரு மூலையில் கிடந்தது.

அதற்கு விடைகள் இல்லாமல் இல்லை. சரகர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல், கீழ்நோக்கிச் செல்ல வேண்டிய வாயு மேல்நோக்கித் திரும்புவதால் இவ்வலி உண்டாகிறது என்றும், உதிரம் வெளிப்பட்டதும் வலி தணிகிறது என்றும் கூறுகிறது. காரணம் சரியோ தவறோ, நோயாளியை அருகிருந்து கவனித்தவர் எழுதியது என்பதில் ஐயமில்லை. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூல்கள், மாதவிடாய்த் தொல்லையுள்ள கன்னிப் பெண்களை விரைவில் மணம் செய்துவைக்கச் சொல்லின. "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று இன்றும் நம் ஊரில் சொல்கிறவர்கள், தாம் ஒரு கிரேக்க மருத்துவ முறையைக் கையாள்வதை அறியார்!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த விவகாரம் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தது. 1873-இல் பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் எட்வர்ட் கிளார்க், வயதுக்கு வரும் பருவத்தில் பெண்கள் ஆண்களைப் போல் கடுமையாகப் படித்தால் கருப்பைக்குப் போகவேண்டிய சக்தி மூளைக்குப் போய்விடும் என்று ஒரு நூல் எழுதினார். அவருக்குச் சான்றாக இருந்தவை சில நோயாளிகளின் கதைகள். மேரி புட்னம் ஜேக்கபி என்னும் பெண் மருத்துவர் வேறு வழியில் சென்றார். ஆயிரம் வினாத்தாள்களை அனுப்பி, 268 பெண்களிடமிருந்து விடை பெற்றார். நாடித் துடிப்பைக் கருவியால் பதிவு செய்தார். அந்நாட்களில் பெரும்பாலோர்க்குத் தனி ஓய்வு தேவையில்லை என்று காட்டினார். எழுதியவர் பெயர் தெரியாமலே கட்டுரைகளை மதிப்பிடும் போட்டி ஒன்றில், 1876-இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு அதற்குக் கிடைத்தது. பெயர் தெரிந்திருந்தால் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

இருபதாம் நூற்றாண்டில் 'சக்தி' போய் 'மனம்' வந்தது. பெண்மையை ஏற்க மறுப்பவள், தாயின் புலம்பலைக் கேட்டுப் பழகியவள், வேலைக்குச் சாக்குத் தேடுகிறவள் என்றெல்லாம் வலியுற்ற பெண்ணைப் பற்றி எழுதினார்கள். இத்தனைக்கும் 1940-லேயே ஒரு நல்ல தடயம் கிடைத்திருந்தது. ஸ்டர்ஜிஸ், ஆல்பிரைட் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனால் சினைமுட்டை வெளிப்படுவதைத் தடுத்தால் அந்த மாதம் உதிரம் வந்தாலும் வலி வருவதில்லை என்று கண்டார்கள். மனத்தின் நாடகம் என்றால், முட்டை வெளிப்பட்டதா இல்லையா என்பது மனத்துக்கு எப்படித் தெரியும்?

விடை வந்த வழி விசித்திரமானது. 1930-இல் நியூயார்க்கில் கர்ஸ்ராக், லீப் என்னும் இருவர், கருப்பைத் தசைத் துண்டின்மேல் விந்து பட்டால் அது சுருங்கவோ தளரவோ செய்வதைக் கவனித்தார்கள். ஸ்வீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர், புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் பொருளே இதற்குக் காரணம் என்று கருதி, 1935-இல் அதற்குப் 'புராஸ்டகிளாண்டின்' என்று பெயரிட்டார். உண்மையில் உடலின் பெரும்பாலான திசுக்கள் இதை உண்டாக்குகின்றன. ஆணின் உறுப்பைக் குறித்து வைத்த தவறான பெயர் அப்படியே நிலைத்துவிட்டது.

முதன்முதலில் சோதிக்கப்பட்ட தசையே கருப்பைத் தசைதான். ஆனாலும் மாதவிடாய் உதிரத்தில் இப்பொருள் உண்டா என்று பார்க்க இன்னும் இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்தில் வெர்னான் பிக்கிள்ஸ் என்னும் உடலியல் அறிஞர், தசையைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் அதில் இருப்பதாக 1957-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். (பிக்கிள்ஸ் என்றால் ஆங்கிலத்தில் ஊறுகாய்! விலக்கானவள் தொடக்கூடாத பொருளின் பெயர் கொண்டவரே விலக்கின் புதிரை அவிழ்த்தார்.) 1963-இல் அவரும் கூட்டாளிகளும் அது புராஸ்டகிளாண்டின் வகையே என்று உறுதி செய்தனர். 1965-இல் வெளிவந்த ஆய்வில், வலியுள்ள பெண்களிடம் அதன் அளவு மிகுந்திருப்பது தெரிந்தது.

நடப்பது இதுதான். சினைமுட்டை வெளிவந்தபின் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சுரந்து கருப்பையின் உட்படலத்தைக் காக்கிறது. கரு உண்டாகாவிட்டால் ஹார்மோனின் அளவு சரிகிறது. உடனே உட்படலச் செல்களில் புராஸ்டகிளாண்டின் உற்பத்தி பெருகுகிறது. அதன் ஏவலால் இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. கருப்பைத் தசை முறுக்கிப் பிழிகிறது. கடும் வலியுள்ளவர்களின் கருப்பைக்குள் அழுத்தம் பாதரச அளவில் 150 மில்லிமீட்டரையும் தாண்டுவதுண்டு. நம் கையில் கட்டிப் பார்க்கும் இரத்த அழுத்தத்தின் மேல் எண் 120 அளவில் இருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சில நொடிகள் இரத்தம் தசைக்குள் நுழையவே முடியாது. மாரடைப்பின்போது இதயத் தசை வலிப்பதும் இரத்தம் கிட்டாமையால்தான். புராஸ்டகிளாண்டின் இரத்தத்தில் கலந்து குடலையும் எட்டுவதால் சிலருக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வருகின்றன. வயதுக்கு வந்த முதல் சில மாதங்களில் பல பெண்களுக்கு வலி இல்லாதிருப்பதும் இதனால் விளங்குகிறது: அப்போது சினைமுட்டை ஒழுங்காக வெளிப்படுவதில்லை.

1971-இல் லண்டனில் ஜான் வேன், ஆஸ்பிரின் புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று காட்டினார். ஆஸ்பிரினின் உறவு மருந்துகளான ஃப்ளூஃபெனமிக் அமிலம், மெஃபெனமிக் அமிலம் முதலியன அப்போதே வழக்கில் இருந்தன. 1974 முதல் அவற்றைச் சூதக வலிக்குக் கொடுத்துச் சோதித்தபோது, பல ஆண்டுகள் படுக்கையில் சுருண்டு கிடந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். 1973-இல் ஜீன் லெனேன், ஜான் லெனேன் ஆகிய இருவர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில், இவ்வலியை மனநோய் என்று சொல்வதற்குச் சான்றே இல்லை, அது பெண்கள்மேலுள்ள தவறான எண்ணத்தின் விளைவாக இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதினர். வேன், பெர்க்ஸ்ட்ரோம், சாமுவெல்சன் மூவருக்கும் 1982-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

இந்த வரலாற்றை அறிந்தால் மருந்தை உண்ணும் முறையும் தானே விளங்கும். இம்மாத்திரைகள் புராஸ்டகிளாண்டின் உண்டாவதைத் தடுப்பவை. உண்டாகிவிட்டதை அழிப்பவை அல்ல. ஆகவே வலி உச்சிக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துப் பொறுத்திருந்து பிறகு விழுங்குவதில் பயன் குறைவு. உதிரமோ வலியோ தொடங்கியவுடன், உணவுக்குப் பின், மருத்துவர் சொன்ன அளவில், இரண்டு மூன்று நாள் உண்ண வேண்டும். வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாகக் கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்று 2023-இல் இந்திய மருந்தியல் ஆணையம் எச்சரித்தது. உடலில் தடிப்பும் காய்ச்சலும் கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பாட்டி வைத்துக் கொடுத்த வெந்நீர் ஒத்தடத்தை ஆராய்ச்சியும் ஒப்புக்கொண்டிருக்கிறது, தடையின்றிச் செய்யலாம்.

மாத்திரைக்கும் ஒத்தடத்திற்கும் அடங்காத வலி வேறு. ஆண்டுக்கு ஆண்டு மிகும் வலி, முப்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் வலி, விலக்கு முடிந்தும் நீடிக்கும் வலி, உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வரும் வலி ஆகியவற்றின் பின்னே நார்க்கட்டியோ எண்டோமெட்ரியோசிஸ் நோயோ இருக்கக்கூடும். கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே எண்டோமெட்ரியோசிஸ். அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920-களிலேயே இதை விரிவாக விளக்கிவிட்டார். ஆனால் நோயாளிகள் இன்றும் பல ஆண்டுகள் அலைந்த பிறகே இன்ன நோய் என்று அறிகிறார்கள். "இது எல்லாருக்கும் வருவதுதானே" என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லக் கேட்டுத் திரும்புகிறவர்களே மிகுதி. மருத்துவரிடம் செல்லுமுன் மூன்று மாதம் நாள்காட்டியில் குறித்து வையுங்கள்: உதிரம் எந்த நாளில் தொடங்கியது, வலி எத்தனை நாள் நின்றது, எந்த மாத்திரை கேட்டது, எது கேட்கவில்லை. ஜேக்கபியின் வினாத்தாளும் ஏறக்குறைய இத்தகைய கேள்விகளைத்தான் கேட்டது.