பிணையக் கடன் அட்டை

பிணையக் கடன் அட்டை என்பது வாடிக்கையாளரின் வைப்புத்தொகையைப் பிணையாகக் கொண்டு வங்கி வழங்கும் கடன் அட்டை ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் கடன் வரலாறு இல்லாதோரும், பழைய கடனைச் செலுத்தத் தவறியோரும் இதனைப் பெறுகின்றனர். வைப்புத்தொகை பெரும்பாலும் கடன் வரம்புக்குச் சமமாக இருக்கும். நிலுவையைத் தீர்த்துக் கணக்கை மூடினால் அது திருப்பித் தரப்படும். கட்டணங்கள் திருப்பித் தரப்படுவதில்லை.

மோசடியும் சட்டமும்

அட்டை உறுதி எனக் கூறி, முன்பணம் பெற்று ஏமாற்றுவோர் உள்ளனர். சிலர் அனுப்பும் அட்டை, அவர்களது பொருட்பட்டியலில் உள்ளவற்றை வாங்க மட்டுமே பயன்படும். தொலைபேசி விற்பனையில் கடனுக்கு உறுதியளித்து முன்கட்டணம் கேட்பதைக் கூட்டரசு வணிக ஆணையம் 1995 இல் தடை செய்தது. தாமதக் கட்டணம் போன்றவை நீங்கலாக, முதலாண்டுக் கட்டணங்கள் கடன் வரம்பின் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என 2009 ஆம் ஆண்டின் கடன் அட்டைச் சட்டம் வரையறுத்தது. பணம் செலுத்துமுன், அட்டை வழங்கும் வங்கியின் பெயர் கூட்டரசு வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் பட்டியலில் உள்ளதா எனச் சரிபார்க்கலாம்.