வேகாத மீனும் வயிற்றுப் புழுவும்: வடசென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

முன்னுரை

இராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதியில் மீன் அன்றாட உணவு. காசிமேட்டில் இறங்கும் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி ஒருபுறம். ஏரிகளிலிருந்தும் ஆந்திர வளர்ப்புக் குளங்களிலிருந்தும் வரும் விரால், கெளுத்தி, கட்லா, ரோகு, ஜிலேபி மறுபுறம். கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர்க் கழிமுகம் தன் பங்குக்கு மடவையும் இறாலும் தருகிறது. சீனா, கொரியா, தாய்லாந்து, லாவோஸ் நாடுகளில் நன்னீர் மீன் வழியே கோடிக்கணக்கானோரைப் பீடித்த புழுநோய்கள், இவ்வளவு மீன் புழங்கும் இப்பகுதியில் பெருநோயாக உருவெடுக்கவில்லை. இதற்கான காரணத்தை நீர்நிலையில் மட்டும் தேடினால் பாதி விடைதான் கிடைக்கும். மறுபாதி சமையல் முறையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கல்கத்தாவில் தொடங்கிய வரலாறு

மீன்வழிப் புழுக்களில் பெயர்பெற்ற சீனக் கல்லீரல் தட்டைப்புழு முதலில் கண்டறியப்பட்டது சீனாவில் அல்ல, இந்தியாவில். 1874இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இறந்த சீனத் தச்சர் ஒருவரின் உடலை ஆய்ந்த ஜேம்ஸ் மெக்கானல், பித்தநாளங்களில் அடைத்துக் கிடந்த தட்டைப்புழுக்களைக் கண்டார். 1875இல் 'லான்செட்' இதழ் அதை வெளியிட்டது. அடுத்து அறிஞர்களைக் குடைந்தது, புழு உடலுக்குள் எப்படி நுழைகிறது என்ற கேள்வி. 1910ஐ ஒட்டி ஜப்பானிய ஆய்வாளர் கோபயாஷி நன்னீர் மீனின் தசையில் அதன் இளம்புழுவைக் காட்டினார். 1918இல் முட்டோ அதற்கு முந்தைய ஓம்புயிரி ஒரு நன்னீர் நத்தை என நிறுவினார்.

இதனால் புழுவின் முழுச் சுற்றும் தெளிவானது. நோயாளியின் மலத்திலுள்ள முட்டை நீர்நிலையை அடைய வேண்டும். உரிய இன நத்தை அதை உண்ண வேண்டும். நத்தையிலிருந்து வெளிவரும் இளம்புழு மீனின் தசையில் கூடுகட்டிக்கொள்ள வேண்டும். அந்த மீனை மனிதன் வேகவைக்காமல் தின்ன வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் சுற்று அறுந்துபோகும். துறைமுக நகருக்கு ஒரு நோயாளி வந்து சேர்வதனாலேயே நோய் அவ்வூரில் வேரூன்றிவிடாது என்பதற்குக் கல்கத்தாவே சான்று.

தாய்லாந்தில் பரவிய இன்னொரு கல்லீரல் புழுவின் விளைவு கொடியது. பல்லாண்டுகள் பித்தநாளத்தில் தங்கி அது உண்டாக்கும் அழற்சி, புற்றுநோய் வரை கொண்டுபோகும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அப்புழுவை 1994இலும் சீனத் தட்டைப்புழுவை 2009இலும் உறுதிப்பட்ட புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரே சைக்ளாப்ஸ், இரண்டு வழிகள்

தமிழகத்து நீர்நிலைகள் புழுக்களுக்கு ஒவ்வாதவையாக இருக்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். நரம்புச் சிலந்தி நோயின் வரலாறு அதை மறுக்கிறது. கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சைக்ளாப்ஸ் என்னும் நீருயிரி, அந்நோயை உண்டாக்கும் புழுவின் இளம்பருவத்தைச் சுமக்கிறது. படிக்கிணற்று நீரை அப்படியே அள்ளிக் குடித்தவர்களின் காலிலிருந்து, ஓராண்டு கழித்து, முழங்கை நீளத்துக்கும் மேலான புழு வெளிவந்தது. நீரை வடிகட்டுதல், கிணறுகளைச் சீர்செய்தல் ஆகியவற்றால் 1980களின் முற்பாதியில் தமிழகம் இந்நோயிலிருந்து விடுபட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996இல் இராஜஸ்தானில் பதிவானார். 2000இல் இந்தியா நோயற்ற நாடாகச் சான்று பெற்றது.

மீன் நாடாப்புழுவின் முதல் ஓம்புயிரியும் சைக்ளாப்ஸ் வகை உயிர்தான். விரால் வழியே மனிதனை அடையும் நாத்தோஸ்டோமா என்ற உருளைப்புழுவுக்கும் அதுவே தொடக்கம். 1930களில் தாய்லாந்து ஆய்வாளர்கள் அச்சுற்றை விளக்கினர். ஆக, புழுவைச் சுமக்கத்தக்க உயிர் நம் குளங்களில் இருந்தது. குடிநீரைக் காய்ச்சும் பழக்கம் இல்லாததால் நீர்வழி திறந்திருந்தது. மீனோ அடுப்பேறாமல் இலைக்கு வரவில்லை. அதனால் மீன்வழி அடைபட்டது.

சமையலின் பங்கு

வடசென்னைச் சமையலில் மீனை வேகாமல் உண்ணும் பதார்த்தம் இல்லை. புளி கரைத்துக் கொதித்த குழம்பில் துண்டுகள் வேகின்றன. வறுவல் எண்ணெயில் முறுகுகிறது. சுறா அவிந்தபின் புட்டாகிறது. கருவாடு உப்பிலும் வெயிலிலும் காய்ந்தபின் மறுபடி குழம்பிலோ தொக்கிலோ வேகிறது. புளிக்கும் மிளகாய்க்கும் புழுவைக் கொல்லும் ஆற்றல் உண்டு எனச் சிலர் நம்புகின்றனர். அது தவறு. எலுமிச்சையும் வினிகரும் மீனின் நிறத்தை மாற்றினாலும் தசைக்குள் இருக்கும் புழுவைக் கொல்வதில்லை. குறைந்த உப்பில் சில நாள் ஊறிய மீனிலும் புழு பிழைத்திருக்கும். காப்பது வெப்பம்தான்.

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியிலும் கடற்கரைச் சாலையை ஒட்டியும் கொண்டுவந்த உணவும் இவ்விதியை மீறவில்லை. அத்தோவில் பச்சை முட்டைக்கோஸ் சேர்ந்தாலும் மீன் சேர்வதில்லை. பர்மாவில் கெளுத்தி மீனில் செய்யும் மொய்ங்கா, நெடுநேரம் கொதிக்கும் குழம்பு.

ஆயினும் நம் நாட்டில் உயிர்மீனை உட்கொள்ளும் வழக்கம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆஸ்துமாவுக்கு மருந்தாக, உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்யும் நிகழ்ச்சி ஹைதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடக்கிறது. பல மாநிலத்தார் அதற்குச் செல்கின்றனர்.

வேலூர்ப் பதிவுகள்

தமிழகத்தின் காப்பு முழுமையானதல்ல என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இரண்டு பதிவுகள் காட்டின. முதலாவது 1994இல் ககன்தீப் காங் உள்ளிட்டோர் வெளியிட்ட, இந்தியாவின் முதல் குடல் கேப்பிலேரியா நோயாளி பற்றியது. இப்புழு 1960களில் பிலிப்பைன்சின் லூசோன் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. அங்கே சிறு நன்னீர் மீன்களை முழுதாக, வேகாமல் உண்பர். மீனுண்ணும் பறவைகள் இதன் இயற்கை ஓம்புயிரிகள். மற்ற மீன்வழிப் புழுக்களைப் போலன்றி இது மனிதக் குடலுக்குள்ளேயே பெருகும். விடாத வயிற்றுப்போக்கால் புரதத்தை இழந்து நோயாளி இளைத்துப்போவார். மருத்துவம் தவறினால் உயிரும் போகலாம். அல்பெண்டசோல் போன்ற எளிய மருந்து குணமாக்கும் என்பதால், சரியாகக் கண்டறிவதே இங்கு முதன்மை.

1998இல் அதே கல்லூரியிலிருந்து இந்தியாவின் முதல் மீன் நாடாப்புழு நோயாளி பற்றிய அறிக்கை வந்தது. 2007இல் புதுச்சேரியிலிருந்து இன்னொன்று. பல மீட்டர் வளரும் இப்புழு உணவிலுள்ள பி12 வைட்டமினை உறிஞ்சுவதால் சிலருக்கு இரத்தசோகை வரும்.

முடிவுரை

நீர்நிலை மாறாமலே உணவுப்பழக்கம் மாறினால் நோய் நுழையலாம். வேகாத மீனால் நோய் நுழையும் என்பதற்குச் சிங்கப்பூர் ஒரு சான்று. 2015இல் அங்கே வேகாத நன்னீர் மீன் வழியே பாக்டீரியாத் தொற்று பரவியது. அவ்வாண்டு டிசம்பரில், உடனே உண்ணும் உணவாக அம்மீனை விற்பதற்கு அரசு தடை விதித்தது. கிருமி வேறானாலும் அது வந்த வழி ஒன்றே.

துறைமுகமும் ஆலைகளும் பல ஊர்ச் சமையலை ஓரிடத்தில் சேர்க்கும் வடசென்னையில், சுஷி முதலிய புதிய உணவுகளும் நகருக்குள் வந்துவிட்ட நிலையில், இரண்டு நடைமுறைகள் தேவை. நாட்பட்ட வயிற்றுப்போக்கோ காரணம் புரியாத இரத்தசோகையோ உள்ளவரிடம் மருத்துவர், மீன் தின்றாரா என்பதோடு நில்லாமல், எந்த மீன், எந்த ஊரில், வெந்ததா என்றும் கேட்டு, மலப் பரிசோதனையை ஒருமுறையோடு நிறுத்தாமல் செய்விக்க வேண்டும். வேகாத மீன் பரிமாறும் உணவகங்கள் நன்னீர் மீனைத் தவிர்ப்பதோடு, பிற மீன்களை மைனஸ் 20 பாகை செல்சியசில் ஏழு நாள் உறையவைத்த பின்னரே பயன்படுத்த வேண்டும். வீட்டுச் சமையலுக்குப் புதிய விதி எதுவும் தேவையில்லை: துண்டின் நடுப்பகுதி 63 பாகை செல்சியசைத் தொட்டால் புழு இறந்துவிடும், கொதிக்கும் மீன் குழம்பு அந்த அளவை எளிதில் தாண்டுகிறது.